டேட்டா சென்டர் ஸ்விட்சில் மென்பொருளை மாற்றுவது: ஓர் எளிய விளக்கம்

"அந்த ஸ்விட்சை அப்டேட் பண்ணியாச்சா?" என்று ஒருவர் கேட்பார். "ஆச்சு" என்பார் மற்றவர். கேட்டவர் நினைத்தது இயங்குதளத்தின் புதிய பதிப்பை. பதில் சொன்னவர் செய்திருந்ததோ ஒரு போர்ட்டின் (கேபிள் சொருகும் இடத்தின்) அமைவை மாற்றியது மட்டும். பேச்சில் இரண்டுமே "அப்டேட்"தான். நெட்வொர்க் வேலைக்கு வந்த முதல் வருடத்திலேயே இந்தக் குழப்பத்தைப் பார்த்துவிட்டேன். சர்வர், கிளவுட் என்று பல வருடம் வேலை பார்த்தவர்கள்கூட ஸ்விட்ச் என்று வந்ததும் தடுமாறுகிறார்கள். போனில் அப்டேட் போடுகிற மாதிரிதானே என்று சிலர் நினைக்கிறார்கள். ஓடுகிற ஸ்விட்சைத் தொடவே கூடாது என்று சிலர் பயப்படுகிறார்கள். இரண்டுமே தவறு. ஏன் தவறு என்பது அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால்தான் புரியும். கட்டளைகளைக் கற்றுக்கொள்வதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

## ஸ்விட்ச் செய்யும் வேலை

டேட்டா சென்டரில் சர்வர்கள் ரேக் ரேக்காக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு ரேக்கிலும், பெரும்பாலும் உச்சியில், ஒன்றோ இரண்டோ ஸ்விட்சுகள் இருக்கும். அந்த ரேக்கின் சர்வர் கேபிள்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். இந்த ஸ்விட்சுக்கு லீஃப் என்று பெயர். ஒரு ரேக்கின் லீஃப் அடுத்த ரேக்கின் லீஃபோடு நேரடியாக இணைவதில்லை. மேல் வரிசையில் உள்ள சில ஸ்விட்சுகள் ஒவ்வொன்றோடும் ஒரு கேபிள் வைத்திருக்கும். அந்த மேல் வரிசைக்கு ஸ்பைன் என்று பெயர். ஒரு ரேக்கிலிருந்து இன்னொரு ரேக்குக்குப் போகும் தரவு, லீஃபிலிருந்து ஏறி, ஏதோ ஒரு ஸ்பைனைத் தொட்டு, மறுபக்கத்து லீஃபில் இறங்கும். "ஏதோ ஒரு" என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நம்மைக் காப்பாற்றப் போவது அதுதான்.

தரவு பாக்கெட் பாக்கெட்டாகப் போகிறது. பாக்கெட் என்பது சேர வேண்டிய முகவரி எழுதப்பட்ட சிறு தரவுத் துண்டு. அது ஒரு போர்ட்டில் வந்ததும் ஸ்விட்ச் முகவரியைப் பார்க்கிறது, தன் அட்டவணையில் தேடுகிறது, எந்த போர்ட் வழியாக அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடித்து அனுப்பிவிடுகிறது. வேலை அவ்வளவுதான். ஆனால் அதை நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை செய்ய வேண்டும்.

## ஒரே பெட்டியில் இரண்டு இயந்திரங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம். தவறான புரிதல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன.

ஒரு ரயில் சந்திப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளம் பிரியும் இடங்களில் பாதையைத் திருப்பிவிடும் அமைப்பு இருக்கும். எந்த ரயில் எந்தப் பாதையில் போக வேண்டும் என்று முடிவு செய்து, நிலைய அதிகாரி அவற்றைத் திருப்பி வைக்கிறார். வைத்த பிறகு ரயில் தன் வேகத்தில் போய்விடும். ஒவ்வொரு பெட்டியையும் அவர் கையால் தள்ளிவிடுவதில்லை. ஒரு பேச்சுக்கு, அவர் பத்து நிமிடம் இருக்கையில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே திருப்பி வைத்த பாதைகளில் ரயில்கள் போய்க்கொண்டேதான் இருக்கும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் முன்னால் ஒரு பாலம் உடைந்துவிட்டால்? பாதையை மாற்றி வைக்க அங்கே ஆள் இல்லை.

ஸ்விட்சும் இப்படித்தான். பாக்கெட்டுகளைத் தள்ளுவதற்கென்றே செய்த சில்லு ஒன்று அதற்குள் இருக்கிறது. அதை ஏசிக் என்பார்கள். ஒரே வகை வேலைக்காக வடிவமைத்த சில்லு என்று பொருள். அனுப்ப வேண்டிய வழிகளின் அட்டவணை அந்தச் சில்லின் கையிலேயே இருக்கும். பிராட்காம் நிறுவனம் 2022-இல் அறிவித்த டோமஹாக் 5 என்ற ஏசிக் நொடிக்கு 51.2 டெராபிட் தரவைக் கடத்தும். 800 கிகாபிட் வேகமுள்ள 64 போர்ட்டுகளை ஒரே சில்லு கவனிக்கிறது என்று அர்த்தம்.

அதே பெட்டிக்குள் ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரும் இருக்கிறது. சிபியு, மெமரி, சிறிய எஸ்எஸ்டி எல்லாம் உண்டு. இயங்குதளம் ஓடுவது இதில்தான். பக்கத்து ஸ்விட்சுகளோடு பேசி, எந்த முகவரிக்கு எது வழி என்று தெரிந்துகொண்டு, அதை ஏசிக்கின் அட்டவணையில் எழுதி வைப்பது இதன் பொறுப்பு. கடந்துபோகும் பாக்கெட்டுகளில் ஒரு சிறு பங்கு இதன் பக்கம் திரும்பினால்கூட இந்த சிபியு மூச்சு முட்டிப் போகும். அதனால் அவற்றை இதன் பக்கம் வரவே விடுவதில்லை.

பாக்கெட்டைத் தள்ளும் பக்கத்துக்கு டேட்டா பிளேன் என்று பெயர். வழியைத் தீர்மானிக்கும் பக்கத்துக்கு கன்ட்ரோல் பிளேன் என்று பெயர். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். உதாரணமாக, "ஸ்விட்சுக்குள் லாகின் ஆக முடியவில்லை, ஆனால் சர்வர்கள் ஒன்றும் நிற்கவில்லை, எப்படி?" என்று புதியவர்கள் திகைப்பார்கள். சிபியு பக்கம் உறைந்திருக்கலாம். ஏசிக் கடைசியாக எழுதி வைத்த அட்டவணையைக் கொண்டு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

எவ்வளவு நேரம் அப்படிப் போகும்? பக்கத்து ஸ்விட்சுகளின் பொறுமை தீரும் வரை. டேட்டா சென்டர்களில் ஸ்விட்சுகள் தமக்குத் தெரிந்த வழிகளைப் பரிமாறிக்கொள்ளப் பெரும்பாலும் பிஜிபி என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. இரண்டு பக்கமும் "இருக்கிறேன்" என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குறிப்பிட்ட நேரம் குரல் வரவில்லை என்றால், எதிர்ப்பக்கம் போய்விட்டது என்று முடிவு செய்து, அங்கிருந்து கற்ற வழிகளை எல்லாம் அழித்துவிடும். பிஜிபியின் விதிநூல் இதற்குப் பரிந்துரைப்பது 90 நொடி. பழுது சீக்கிரம் தெரிய வேண்டும் என்று பல டேட்டா சென்டர்களில் இதை 9 நொடிக்குக் குறைத்து வைத்திருப்பார்கள். இந்த எண்ணிக்கை ரீபூட் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

இதுவரை பார்த்தது: ஏசிக் தள்ளுகிறது, சிபியு வழி சொல்கிறது. நாம் மாற்றப்போகும் மென்பொருள் இருப்பது சிபியு பக்கத்தில். ஆனால் அது நெடுநேரம் பேசாமல் இருந்தால் பக்கத்து ஸ்விட்சுகள் நம்மைக் கைவிட்டுவிடும்.

## "அப்டேட்" என்ற சொல்லுக்குள் இருக்கும் மூன்று வேலைகள்

முதலாவது கான்ஃபிக், அதாவது அமைவு. எந்த போர்ட் எந்த வேகத்தில் ஓட வேண்டும், யாரோடு பிஜிபி பேச வேண்டும் என்பது போன்ற நம்முடைய விருப்பங்களின் பட்டியல். இது தினமும் மாறக்கூடியது. மாற்றினால் பொதுவாக ரீபூட் தேவையில்லை.

இரண்டாவது இயங்குதளம். சிபியுவில் ஓடும் முழு மென்பொருள். வருடத்துக்கு ஓரிரு முறை மாறலாம்.

மூன்றாவது ஃபர்ம்வேர். பயோஸ் (மின்சாரம் வந்ததும் முதலில் ஓடி இயங்குதளத்தை எழுப்புவது), மின்விசிறிகளையும் விளக்குகளையும் கவனிக்கும் சிறு சில்லுகள் ஆகியவற்றுக்குள் எழுதப்பட்ட அடிமட்ட மென்பொருள். இதை அபூர்வமாகத்தான் தொடுவோம். சில வகை ஃபர்ம்வேரை மாற்றினால் ரீபூட்கூடப் போதாது, மின்சாரத்தையே நிறுத்திப் போட வேண்டியிருக்கும். புதியவர்கள் இப்போதைக்கு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கான்ஃபிக் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல ஸ்விட்சுகளில் கான்ஃபிக்கின் இரண்டு பிரதிகள் இருக்கும். இப்போது நடைமுறையில் இருப்பது ரன்னிங் கான்ஃபிக். அது மெமரியில் இருக்கும், ரீபூட் ஆனால் போய்விடும். எழும்போது படிப்பதற்காக எஸ்எஸ்டியில் எழுதி வைத்திருப்பது ஸ்டார்ட்அப் கான்ஃபிக். முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதில் சேமிக்க மறந்தால், அடுத்த ரீபூட் வரை எந்த வித்தியாசமும் தெரியாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு லீஃப் ஸ்விட்சில் புதிய பதிப்பை ஏற்றி ரீபூட் செய்தோம். நன்றாக எழுந்தது. பதிப்பு எண் சரியாக இருந்தது, பக்கத்து ஸ்விட்சுகளோடு பேச்சும் தொடங்கிவிட்டது. ஆனால் நான்கு சர்வர்கள் மட்டும் வரவில்லை. புதிய பதிப்பில்தான் கோளாறு என்று நினைத்துப் பழைய பதிப்புக்குத் திரும்பினோம். அப்போதும் அந்த நான்கும் வரவில்லை. விடியும் நேரத்தில்தான் காரணம் பிடிபட்டது. மாதக்கணக்கில் முன்னால் யாரோ அந்த நான்கு போர்ட்டுகளின் அமைவை மாற்றியிருக்கிறார்கள், சேமிக்கவில்லை. அத்தனை நாளும் ஸ்விட்ச் ரீபூட் ஆகாததால் அது வெளியே தெரியவில்லை. மென்பொருளுக்கும் அந்தப் பழுதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அன்றிலிருந்து, எந்த ஸ்விட்சைத் தொடுவதற்கு முன்பும் இரண்டு கான்ஃபிக்குகளையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

ஜூனிப்பரின் ஜூனோஸ் இயங்குதளத்தில் எனக்கு மிகவும் பிடித்த வசதி ஒன்று உண்டு. ஒரு மாற்றத்தை "உறுதி செய்தால்தான் நிலைக்கும்" என்ற முறையில் போடலாம். நாம் வேறு நேரம் குறிப்பிடாவிட்டால், பத்து நிமிடத்துக்குள் இன்னொரு முறை உறுதி செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் ஸ்விட்ச் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தவறான மாற்றத்தால் நம் இணைப்பே அறுந்துபோனாலும் பத்து நிமிடத்தில் கதவு மறுபடி திறக்கும்.

## இமேஜ்: முழு மென்பொருளும் ஒரே கோப்பில்

லேப்டாப்பில் அப்டேட் போடும்போது துண்டு துண்டாகச் சில கோப்புகள் மாறும். ஸ்விட்சில் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. இயங்குதளம் முழுவதும் ஒரே பெரிய கோப்பாக வரும். அதற்கு இமேஜ் என்று பெயர். பழைய இமேஜை ஒட்டுப்போட்டுத் திருத்துவதைவிட, புதிய இமேஜை முழுதாக வைத்து அதிலிருந்து எழுப்புவது நம்பகமானது. நூறு ஸ்விட்சுகளில் ஒரே இமேஜ் இருந்தால் நூறும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கலாம்.

சிஸ்கோவின் நெக்ஸஸ் ஸ்விட்சுகளில் ஓடுவது என்எக்ஸ்-ஓஎஸ். அரிஸ்டாவில் இஓஎஸ். இரண்டுக்கும் அடியில் இருப்பது லினக்ஸ். இவை அந்தந்த நிறுவனத்தின் பெட்டியோடு சேர்ந்தே வரும். பெட்டியை ஒருவரிடமும் இயங்குதளத்தை வேறொருவரிடமும் வாங்கும் முறையும் இருக்கிறது. அந்த வழியில் முக்கியமானது சோனிக். மைக்ரோசாஃப்ட் தன் டேட்டா சென்டர்களுக்காக உருவாக்கி 2016-இல் திறந்த மூலமாக வெளியிட்டது. 2022-இல் அது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் பொறுப்புக்குப் போனது. இயங்குதளம் எதுவுமே இல்லாமல் வரும் பெட்டிகளில் ஓனி என்ற மிகச் சிறிய லினக்ஸ் மட்டும் இருக்கும். அதற்கு ஒரே வேலைதான்: யுஎஸ்பியிலோ நெட்வொர்க்கிலோ இமேஜைத் தேடிப் பிடித்து நிறுவுவது.

சோனிக்கில் ஒரு பதிப்பு மாற்றம் எப்படித் தெரியும் என்று அருகில் போய்ப் பார்ப்போம். இமேஜ்களைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தால் திரையில் மூன்று தலைப்புகள் வரும்: கரன்ட், நெக்ஸ்ட், அவைலபிள். கரன்ட் என்பது இப்போது ஓடுவது. நெக்ஸ்ட் என்பது அடுத்த ரீபூட்டில் எழப்போவது. அவைலபிள் என்பது எஸ்எஸ்டியில் இருப்பவை. புதிய இமேஜை நிறுவியதும் நெக்ஸ்ட் வரி மட்டும் மாறும். கரன்ட் வரி அப்படியே இருக்கும். போனில் அப்டேட் போட்டுப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். "இன்ஸ்டால் வெற்றி" என்று திரை சொன்னதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். ஆனால் புதிய மென்பொருளின் ஒரு வரிகூட இன்னும் ஓடத் தொடங்கவில்லை.

இதே ஏற்பாடுதான் நமக்குத் திரும்பும் வழியும். பழைய இமேஜ் அழியாமல் பக்கத்தில் இருப்பதால், புதியது சரியில்லை என்றால் நெக்ஸ்ட் வரியைப் பழையதாக மாற்றி ரீபூட் செய்யலாம். இதற்கு ரோல்பேக் என்று பெயர். ஒரு எச்சரிக்கை: புதிய இமேஜ் முதல்முறை எழும்போது கான்ஃபிக்கைத் தனக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த வடிவம் பழைய இமேஜுக்குப் புரியாமல் போகலாம். ஆகவே கான்ஃபிக்கின் பிரதி ஒன்று ஸ்விட்சுக்கு வெளியே, வேறொரு சர்வரில் இருந்தே ஆக வேண்டும்.

இமேஜை ஸ்விட்சுக்குள் கொண்டுவந்ததும் அதன் செக்சம்மை ஒப்பிட வேண்டும். செக்சம் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு பைட் மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். நிறுவனம் வெளியிட்ட எண்ணும் ஸ்விட்ச் கணக்கிட்டுச் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருந்தால் கோப்பு வழியில் சிதையவில்லை என்று நம்பலாம். ஒரு நிமிட வேலை. பாதி இறங்கிய இமேஜோடு ரீபூட் செய்துவிட்டுத் தவிப்பதற்கு அந்த ஒரு நிமிடம் எவ்வளவோ மேல்.

சுருக்கமாக: இமேஜ் என்பது முழு மென்பொருள், நிறுவுவது வேறு, ஓடத் தொடங்குவது வேறு. இரண்டுக்கும் நடுவே ரீபூட் இருக்கிறது.

## "ஓடுவதைத் தொடாதே" என்பது ஏன் தவறு

ஸ்விட்ச் மூன்று வருடமாக ரீபூட் ஆகவில்லை என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு அதைக் கேட்டால் பயம்தான் வருகிறது. மூன்று வருடத்தில் வெளியான பாதுகாப்புத் திருத்தங்கள் ஒன்றும் அதில் இல்லை. சேமிக்காத கான்ஃபிக் மாற்றங்கள் எத்தனை மறைந்திருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. எஸ்எஸ்டி இன்னும் எழுப்பும் நிலையில் இருக்கிறதா என்பதும் சோதிக்கப்படவில்லை. ஒருநாள் மின்தடை வந்தால் இத்தனை கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் பதில் வரும். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்மிடம் இருக்காது.

பாதுகாப்பு என்று பொதுவாகச் சொன்னால் மனதில் பதியாது. 2018 மார்ச்சில் சிஸ்கோ தன் சில ஸ்விட்சுகளில் இருந்த ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற வசதியில் கடுமையான ஓட்டை ஒன்றை அறிவித்தது. புதிய ஸ்விட்சுகளில் தொலைவிலிருந்தே இமேஜையும் கான்ஃபிக்கையும் ஏற்றுவதற்கான வசதி அது. திருத்தமும் அப்போதே வெளியானது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரிக்கை விட்டது: ரஷ்ய உளவு அமைப்பைச் சேர்ந்தவர்கள் அதே ஓட்டை வழியாக நெட்வொர்க் கருவிகளுக்குள் புகுந்து கான்ஃபிக் கோப்புகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. ஏழு ஆண்டுகள் கழித்தும் திருத்தம் போடாத கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இதற்காக, வெளியான அன்றே புதிய பதிப்பை எல்லா ஸ்விட்சிலும் ஏற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. அதுவும் ஆபத்துதான். வெளியீட்டுக் குறிப்பில் தெரிந்த பிழைகளின் பட்டியல் இருக்கும். சலிப்பாக இருந்தாலும் அதை முழுதாகப் படிக்க வேண்டும். முதலில் சோதனைக் கூடத்தில் ஒன்று, அப்புறம் முக்கியமில்லாத ரேக்கில் ஒன்று, சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மற்றவை. எண்ணிக்கை நூறைத் தாண்டினால் இதைக் கையால் செய்ய முடியாது. ஆன்சிபிள் போன்ற தானியங்கிக் கருவிகள் உதவும். ஆனால் தவறான கட்டளையை நூறு ஸ்விட்சுக்கும் ஒரே நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் திறமையும் அவற்றுக்கு உண்டு.

## ரீபூட்டில் எத்தனை வகை

சாதாரண ரீபூட்டை கோல்ட் ரீபூட் என்பார்கள். சிபியு, ஏசிக் இரண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஏசிக்கின் அட்டவணை காலியாகும், போர்ட்டுகள் அணையும். பெட்டி எழுந்து, வழிகளை மறுபடி கற்று, அட்டவணையை நிரப்பும் வரை அதன் வழியாக ஒரு பாக்கெட்டும் போகாது. இதற்குச் சில நிமிடங்கள் ஆகும்.

சோனிக்கில் ஃபாஸ்ட் ரீபூட் என்று ஒன்று உண்டு. பயோஸ் கட்டத்தைத் தாண்டி நேராகப் புதிய கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு, குதித்து, அட்டவணையையும் வேகமாக நிரப்பும். பாக்கெட் ஓட்டம் நிற்கும் நேரத்தை அரை நிமிடத்துக்குள் முடிப்பது அதன் இலக்கு.

மூன்றாவது வார்ம் ரீபூட். வேறு நிறுவனங்கள் இதை ஒத்த ஏற்பாட்டை ஐஎஸ்எஸ்யு என்று சொல்கின்றன: ஓட்டத்தை நிறுத்தாமல் பதிப்பை மாற்றுவது. நாம் பார்த்த இரட்டை இயந்திர அமைப்பைத்தான் இது பயன்படுத்திக்கொள்கிறது. ஏசிக்கை அப்படியே ஓட விட்டுவிட்டு, சிபியு பக்கத்தை மட்டும் புதிய இமேஜில் எழுப்புவார்கள். எழுந்ததும் அது ஏசிக்கில் ஏற்கெனவே உள்ள அட்டவணையைத் தன் கணக்கோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் திருத்தும். பாக்கெட் ஓட்டத்தில் ஏற்படும் தடை ஒரு நொடிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

சரி, அப்படியானால் எப்போதும் வார்ம் ரீபூட்டே செய்துவிடலாமே என்று தோன்றும். பொறுங்கள். சிபியு பக்கம் எழ ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகலாம். பக்கத்து ஸ்விட்சின் பிஜிபி பொறுமை 9 நொடிதான் என்றால் என்ன ஆகும்? அதற்காகவே கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் என்ற ஏற்பாட்டை 2007-இல் தரப்படுத்தினார்கள். "நான் திரும்பி வருவேன், அதுவரை என் வழிகளை அழிக்காதே" என்று முன்கூட்டியே பக்கத்து ஸ்விட்சோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. அது இரண்டு பக்கமும் இயக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு பக்கம் இல்லை என்றாலும் வார்ம் ரீபூட்டின் பயன் போய்விடும்.

இன்னொன்று, ரயில் சந்திப்பில் பார்த்த உடைந்த பாலம். நிலைய அதிகாரி இருக்கையில் இல்லாத அந்த ஒரு நிமிடத்தில் வேறெங்காவது ஒரு ஸ்விட்ச் விழுந்தால், அந்த வழியை எடுத்துவிடச் சொல்ல ஏசிக்குக்கு ஆள் இல்லை. அது பழைய அட்டவணையை நம்பி, இல்லாத வழிக்குப் பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலும், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு வேண்டுமானாலும் இப்படிப் போக முடியாது. ஏசிக்கை இயக்கும் மென்பொருள் பெரிதாக மாறியிருந்தால் கோல்ட் ரீபூட்தான் வழி. "நிற்காமல் அப்டேட்" என்ற விளம்பர வரியை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுருக்கமாக: கோல்ட் ரீபூட்டில் எல்லாம் நிற்கும். வார்ம் ரீபூட்டில் ஏசிக் ஓடும், ஆனால் அந்த நேரத்தில் அதற்குக் கண் இல்லை.

## பின்வாசல் வேண்டும்

ஸ்விட்சைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கிறோம். நாம் வரும் பாதையே அந்த ஸ்விட்ச் வழியாகத்தான் என்றால், அது எழாவிட்டால் நாமும் வெளியே நிற்போம். அதனால் ஸ்விட்சுகளில் மேனேஜ்மென்ட் போர்ட் என்று தனியாக ஒன்று இருக்கும். அதைத் தனியான ஒரு சிறு நெட்வொர்க்கில் இணைத்து வைப்பார்கள். இதற்கு அவுட்-ஆஃப்-பேண்ட் நெட்வொர்க் என்று பெயர். அதற்கும் கீழே கன்சோல் போர்ட். கேபிளைச் சொருகினால், இயங்குதளம் எழாவிட்டாலும் பூட் செய்திகள் திரையில் ஓடும். ஐபி முகவரி எதுவும் தேவையில்லை.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் நின்றது. வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அதன் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் பிழை இருந்ததால் அது தப்பிப் போனது. அவுட்-ஆஃப்-பேண்ட் வழியும் அப்போது வேலை செய்யவில்லை என்று அந்த நிறுவனமே பிறகு எழுதியது. ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியிருந்தது. பின்வாசல் இருக்கிறது என்று தெரிந்தால் போதாது, வேலையைத் தொடங்கும் முன் அதன் வழியாக ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

## ரீபூட்டுக்கு முன்னால் சாலையைத் திருப்பிவிடுவது

இனி இந்த வேலையின் உயிர்நாடிக்கு வருகிறேன். பாலத்தைப் பழுது பார்க்கிறவர்கள் வண்டிகள் ஓடும்போதே தூணைத் தொட மாட்டார்கள். முதலில் வண்டிகளை மாற்றுப்பாதையில் திருப்பிவிடுவார்கள். ஸ்விட்சுக்கும் அதையே செய்ய வேண்டும். நெட்வொர்க் ஆட்கள் இதை டிரெயின் செய்வது, அதாவது வடித்துவிடுவது என்பார்கள். வடித்துவிட்ட ஸ்விட்ச் எழ இரண்டு நிமிடம் ஆனாலும் சரி, இருபது நிமிடம் ஆனாலும் சரி, யாருக்கும் அது தெரியாது. வார்ம் ரீபூட்டின் நுணுக்கங்களை நம்பி இருப்பதைவிட இதுதான் பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

நான்கு ஸ்பைன்கள் இருக்கும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றை விலக்கினால் மொத்தத் திறனில் கால் பங்கு குறையும். மீதி மூன்றும் அந்தச் சுமையைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். தாங்கும் என்றால், அந்த ஸ்பைனிலிருந்து பக்கத்து ஸ்விட்சுகளுக்கு பிஜிபி வழியாக ஒரு குறிப்பு போகும்: "என் வழிகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் வேறு வழி இருந்தால் அதை எடுத்துக்கொள்." இதற்கென்றே கிரேஸ்ஃபுல் ஷட்டவுன் என்ற அடையாளம் 2018-இல் தரப்படுத்தப்பட்டது. பக்கத்து ஸ்விட்சுகளில் அதற்கு ஏற்ற விதியை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். "ஏதோ ஒரு ஸ்பைன்" என்று நாம் ஆரம்பத்தில் பார்த்தது இங்கே கைகொடுக்கிறது. லீஃப்கள் மீதி மூன்றைத் தேர்ந்தெடுக்கின்றன. இணைப்பை டக்கென்று அறுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அறுத்தால், மற்றவை புது வழியைக் கண்டுபிடிக்கும் வரை பாக்கெட்டுகள் தொலையும். இப்படிச் சொல்லிவிட்டு விலகினால், புது வழி தயாரான பிறகுதான் பழைய வழி காலியாகும்.

லீஃபில் இது அவ்வளவு எளிதல்ல. ரேக்கில் ஒரே ஒரு லீஃப் என்றால் அதன் சர்வர்களுக்கு வேறு வழியே இல்லை. சர்வர்களில் ஓடும் வேலையை வேறு ரேக்குக்கு நகர்த்திய பிறகுதான் ரீபூட். இரண்டு லீஃப்களோடும் கேபிள் போட்ட ரேக்கில் ஒன்றை வடித்துவிட்டு மாற்றலாம். ஆனால் எல்லா சர்வர்களுக்கும் இரண்டாவது கேபிள் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறதா என்று முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கக் கேபிள் கழன்றே கிடக்கும் சர்வர் ஒன்றாவது ஒவ்வொரு வரிசையிலும் அகப்படுகிறது.

வடியத் தொடங்கியதும் போர்ட்டுகளின் கவுன்டர்களைப் பாருங்கள். நொடிக்கு எத்தனை பாக்கெட் போகிறது என்று காட்டும் எண்கள் அவை. லட்சங்களில் இருந்தவை ஆயிரங்களாகும், அப்புறம் சில பத்துகளில் வந்து நிற்கும். முழுப் பூஜ்யம் ஆகாது. ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் "இருக்கிறேன்" செய்திகள் அவை. எண் குறையாமல் ஏதாவது ஒரு போர்ட் அடம்பிடித்தால் அங்கே நில்லுங்கள். யாரோ ஒருவருக்கு வேறு வழி இல்லை என்று அந்த எண் சொல்கிறது. அவர் யார் என்று தெரியும் வரை ரீபூட் வேண்டாம்.

எண்கள் வடிந்த பிறகு கோல்ட் ரீபூட். கன்சோல் திரையில் பயோஸ் வரிகள், கெர்னல் வரிகள், கடைசியில் லாகின் வரி. உடனே வண்டிகளைத் திருப்பி விடாதீர்கள். கரன்ட் வரியில் புதிய இமேஜ்தான் இருக்கிறதா, முன்பு இருந்த அத்தனை பிஜிபி உறவுகளும் வந்துவிட்டனவா, கற்ற வழிகளின் எண்ணிக்கை முன்பு குறித்து வைத்ததோடு ஒத்துப்போகிறதா, எந்த போர்ட்டிலாவது பிழை எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ரீபூட்டுக்கு முன்னால் இதே விவரங்களை எடுத்து வைத்திருந்தால் ஒப்பிடுவது ஐந்து நிமிட வேலை. எடுத்து வைக்கவில்லை என்றால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

எல்லாம் பொருந்தினால் அந்த "வேறு வழியை எடுத்துக்கொள்" குறிப்பை விலக்குங்கள். சில நொடிகளில் கவுன்டர்கள் பத்துகளிலிருந்து ஆயிரங்களுக்கும், ஆயிரங்களிலிருந்து லட்சங்களுக்கும் ஏறும். மற்ற மூன்று ஸ்பைன்களின் அளவுக்கு இதுவும் வந்து நிற்கும் வரை பார்த்திருங்கள். பழைய இமேஜை இப்போது அழிக்க வேண்டாம். கான்ஃபிக்கைச் சேமித்துவிட்டு, இரண்டு பிரதிகளும் ஒன்றுதானா என்று இன்னொரு முறை ஒப்பிட்டுவிட்டு, அடுத்த ஸ்பைனுக்குப் போகலாம்.